செஞ்சு காட்டச் சொல்லுங்க

எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் தேர்வுப் பிரிவு என்று ஒரு அறை உண்டு. வினாத்தாள்களை வாங்கிப் பூட்டி வைப்பது, மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி ஆசிரியர்களின் பின்னால் அலைவது, இதெல்லாம் அங்கே வேலை. வகுப்பில் நான் ஆங்கில வாத்தியார், மற்ற நேரமெல்லாம் அந்த அறையின் எடுபிடி. புதிதாகச் சேருகிற ஆசிரியருக்கு மதிப்பெண் ஏற்றுவது எப்படி என்று சொல்லித்தருவதும் என் தலையில்தான் விழும். நான் சொல்லுவேன், அவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு ஆபீஸ் கிளார்க்கின் கையைக் காலைப் பிடித்து அவரையே ஏற்றச் சொல்லிவிடுவார்கள். ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை.

அந்த மேடம் சேர்ந்த அன்றும் அப்படித்தான் சொல்லி முடித்துவிட்டு எழுந்தேன்.

“உக்காருங்க சார். எங்க போறீங்க? நீங்க சொன்னத வெச்சி நான் இப்ப செய்யிறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. பாத்துக்கினு மட்டும் இருங்க.”

கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அடுத்த பக்கத்துக்குப் போனார். அதுவரை ஏற்றிய மதிப்பெண் எல்லாம் காணாமல் போயிற்று. சேமிக்கிற பொத்தானை முதலில் அழுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கை பழகிப்போனதால் அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

“கொஞ்சம் கவனமா கேட்டிருந்தீங்கன்னா...” என்று இழுத்தேன்.

“கவனமாத்தான் கேட்டேன். எனக்கு வரலன்னா நீங்க சரியா சொல்லலன்னு அர்த்தம். இன்னொரு தடவ சொல்லுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை பேருக்குச் சொல்லித்தந்தவன் நான்! ஆனால் மறுபடி சொன்னேன், அவர் மறுபடி செய்தார், வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கல்லூரியில் கிளார்க்கின் காலைப் பிடிக்காமல் மதிப்பெண் ஏற்றிய ஒரே ஆசிரியர் அவர்தான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஆள் குட்டை. பருத்திப் புடவைக்குக் கீழே கறுப்பாக, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ போட்டிருப்பார். கம்பெனிகளில் ஆண்கள் போடுகிற ஷூ. பெண் ஆசிரியர்கள் சிரித்தார்கள். “காலு என்னுது, உங்களுக்கு இன்னா பேஜாரு?” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு காலனி அவருடைய ஊர். அப்பா காலத்தில் வயல் வேலையை விட்டுக் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்குப் போன குடும்பம். காலையில் ரயிலில் வருவார். வராந்தாவில் அவர் நடந்து வருவது சத்தத்திலேயே தெரியும்.

நான் திருவள்ளூரிலிருந்து கல்லூரி பஸ்ஸில் பெரியபாளையம் சுற்றி வந்து சேருகிறவன். எங்கள் வீடு கோயில் கைங்கரியம் செய்கிற வீடு. ஒருமுறை பல்கலைக்கழக வேலையாகத் திருவள்ளூர் வந்த மேடம், மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மாவின் புளியோதரை அவருக்குப் பிடித்துப்போயிற்று. எப்படிச் செய்வது என்று கேட்டார். அம்மா மகிழ்ந்துபோய் நீட்டி முழக்கிச் சொன்னார். கேட்டு முடித்ததும் மேடம் எழுந்து கை கழுவிக்கொண்டார்.

“இருங்கம்மா. இப்பவே செஞ்சு பாத்துடுறேன்.”

எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வெளியாட்கள் அப்படி நுழைந்ததில்லை. யார் யார் எந்த நிலைப்படியோடு நிற்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதே இல்லை. சொல்லாமலே நிற்பார்கள். அம்மா என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அங்கே கடுகு வெடித்துவிட்டது. செய்து கொண்டுவந்து தட்டில் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டு ருசி இல்லை.

“எள்ளை வறுத்துப் பொடி பண்ணிப் போடலையா நீ?” என்றார் அம்மா.

“நீங்க சொல்லலியே.”

“அதைக்கூடச் சொல்லணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!”

“எனக்குத் தெரியாதேம்மா.”

அவர் போன பிறகு அம்மா மீதிப் புளியோதரையை மூடி வைத்தார். பிறகு, “கெட்டிக்காரிதான். ஆனா இவள் மாட்டுப்பெண்ணா வந்தா எந்த ஆத்துலயும் மாமியார் நிம்மதியா இருக்க முடியாது” என்றார். ஆனால் அதற்குப் பிறகு அம்மா யாருக்குப் புளியோதரை சொல்லித்தந்தாலும் முதல் வார்த்தை எள்ளாகத்தான் இருந்தது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் பக்கம் என்று ஒன்று உண்டு. இந்தப் பாடத்தை முடிக்கிற மாணவருக்கு இன்னின்னது செய்ய வரும் என்று அதில் வாக்குக் கொடுத்திருப்போம். கோர்ஸ் அவுட்கம் என்பார்கள். வினாத்தாள் எடுக்கும்போது, எந்தக் கேள்வி எந்த வாக்கைச் சோதிக்கிறது என்று ஒரு கட்டம் போட்டு மூன்று, இரண்டு, ஒன்று என்று எண் நிரப்ப வேண்டும். நன்றாகப் பொருந்தினால் மூன்று. நாங்கள் அதைப் பஸ்ஸில் வரும்போதே நிரப்பிவிடுவோம், பெரும்பாலும் மூன்றாக. தரம் பார்க்க வருகிற குழுவும் மூன்றுகளைப் பார்த்துவிட்டு, முந்திரி பக்கோடா சாப்பிட்டுவிட்டு, திருப்தியாகப் போய்விடும். கேள்விகள் எல்லாம் பழைய கேள்வித் தொகுப்பிலிருந்து வரும். முதல் பக்கத்தை யாரும் படிக்க மாட்டோம். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று போடுவதில்லையா, அந்த மாதிரி.

அவர் அதைப் படித்தார். அவருடைய கோளாறே அதுதான்.

அவருக்குக் கொடுத்த பாடம் தொழிற்சாலைப் பாதுகாப்பு. முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘பணியிடத்து ஆபத்தையும் அதிலிருந்து காத்துக்கொள்ளும் முறையையும் ஒரு தொழிலாளிக்கு விளங்கும்படி மாணவர் எடுத்துரைப்பார்.’ யார் எழுதினார்களோ, எந்த மயக்கத்தில் எழுதினார்களோ. அதற்கு நாங்கள் வருடா வருடம் கேட்டுவந்த கேள்வி: ‘தீயின் வகைகளைப் பட்டியலிடுக.’ கட்டத்தில் மூன்று.

கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருந்த சமயம் அது. வினாத்தாளை நாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் என் அறைக்கு வந்து பழைய வினாத்தாளையும் முதல் பக்கத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இன்னா சார் இது? பொன்னேரி போறேன்னு டிக்கெட் வாங்குனவன், பொன்னேரில எறங்குனானான்னுதான பாக்கணும்? நாம திருவள்ளூர் ஸ்டேஷன்ல நின்னுக்கினு ஆள எண்ணிக்கினு கீறோம்.”

“எல்லாப் பாடத்துலயும் அப்படித்தான் மேடம்.”

“உங்க பாடத்துல இன்னா எழுதிக்கீது?”

எனக்கு நினைவில்லை. அவரே எடுத்துப் பார்த்தார். மாணவர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் தயக்கமின்றி உரையாடுவார் என்று இருந்தது. என் வினாத்தாளின் முதல் கேள்வி, கோடிட்ட இடங்களை நிரப்புக.  மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்தப் பருவத்துக்கு அவர் எடுத்த தேர்வில் எழுதுவதற்கு ஒன்றுமே கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, மாணவருக்கு ஒரு தலைப்பு வரும். தீயணைக்கிற சிலிண்டர், உயரத்தில் வேலை செய்கிறவர் கட்டிக்கொள்கிற பெல்ட், கேஸ் கசிவு இப்படி. கேட்பதற்கு ஒரு ஆள் வருவார். கல்லூரி பஸ் டிரைவர், தோட்டக்காரர், கேன்டீனில் வேலை செய்கிற பெண்கள், கட்டட வேலைக்கு வந்திருக்கிற மேஸ்திரி. மாணவர் அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மாணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட வேண்டும். கேட்டவர் செய்து காட்ட வேண்டும். கேட்டவர் சரியாகச் செய்தால் மாணவருக்கு மதிப்பெண்.

மாணவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், பேசினால் போதும் என்று நினைத்தார்கள்.

தேர்வு ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் நடந்தது. வராந்தாக்களில் தரம் பார்க்கிற குழுவுக்காக மாட்டிய சிவப்பு சிலிண்டர்கள் நிறைய இருந்தன. மறுபடி மருந்து நிரப்பக் கெடு வந்துவிட்டவை. எப்படியும் காலி பண்ணித்தான் ஆக வேண்டும் என்று வாதாடி மேடம் அவற்றை வாங்கிவந்திருந்தார். ஒரு பழைய தகரத் தட்டில் கந்தலும் காகிதமும் போட்டுக் கொளுத்தினார். பக்கத்தில் இரண்டு வாளி மணல், கையோடு இன்னொரு நல்ல சிலிண்டர். பாதுகாப்பில் அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் வந்தது சந்தியா. அந்த வகுப்பின் முதல் மாணவி. எந்தத் தேர்விலும் அவளை முந்த ஆள் கிடையாது. அவளுக்கு சிலிண்டர் சீட்டு விழுந்தது. கேட்க வந்தவர் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற தேசம்மா அக்கா. சந்தியா கடகடவென்று சொன்னாள். தீயின் வகைகள், எந்த வகைக்கு எந்த சிலிண்டர், உள்ளே இருக்கிற ரசாயனம், ஆக்சிஜன் எப்படித் துண்டிக்கப்படுகிறது, எல்லாம். பாதி ஆங்கிலம். தேசம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இருந்தது.

“அக்கா, இப்ப அணைங்க” என்றார் மேடம்.

தேசம்மா சிலிண்டரைத் தூக்கினார். கைப்பிடியை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். தட்டில் நெருப்பு ஏறிக்கொண்டே இருந்தது.

“இது கெட்டுப்போச்சு போலக் கீதுமா” என்றார்.

கெடவில்லை. கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு பின் செருகியிருக்கும். வளையத்தைப் பிடித்து அதை உருவிவிட்டுத்தான் அமுக்க வேண்டும். சந்தியா அந்தப் பின்னைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவள் படித்த புத்தகத்தில் அது ஒரு படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அவளும் அதுவரை ஒரு சிலிண்டரைத் தொட்டதில்லை.

மேடம் மணலைக் கொட்டி நெருப்பை அணைத்தார். சந்தியாவுக்குப் பூஜ்யம் போட்டார். அவள் அழுதுகொண்டே, “மேம், நான் எல்லாம் கரெக்டா சொன்னேன். அவங்களுக்குப் புரியல” என்றாள்.

“அவங்க வூட்டுல நெருப்புப் புடிச்சிருந்தா நீ சொன்னதுல எது அணைச்சிருக்கும்? போ. யோசி. எத்தினி தடவ வேணாலும் வா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.”

அன்றைக்குப் பாதிக்கு மேல் பேர் அப்படியே போனார்கள். பெல்ட்டைக் கட்டச் சொல்லிக்கொடுத்தவன் அதன் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. கேஸ் கசிந்தால் ஜன்னலைத் திறக்கச் சொன்னவன் ஸ்விட்சைத் தொடாதே என்று சொல்லவில்லை. கொண்டாட்டம் போய்ச் சாபம் ஆரம்பித்தது.

அவருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கேன்டீனில் கேட்டேவிட்டேன். மேடம் நாஷ்டா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

“எங்க நைனா வேல செஞ்ச எடத்துலயும் சிலிண்டர் மாட்டியிருந்தாங்க சார். சேஃப்டி கிளாஸும் நடந்துச்சு. வந்ததுக்கு நைனா கையெழுத்துப் போட்டிருந்தாரு, அழகா. தீப்புடிச்ச அன்னிக்கி சிலிண்டர எடுத்துக்கினு அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருக்காரு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கினு வெறுங்கையால சாக்கப் போட்டு அடிச்சிருக்காரு.”

அவருடைய அப்பாவை நான் ஒருமுறை பொன்னேரி ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டையைக் கோடையிலும் மடிக்காமல் போட்டிருந்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை.  மேடம் தட்டைக் கழுவப் போய்விட்டார். 

பிரின்சிபால் மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார், தேர்வுப் பிரிவு ஆள் என்று என்னையும். எங்கள் பிரின்சிபால் கெட்டவர் அல்ல. கணக்கு வாத்தியாராக இருந்தவர். மேலே நிர்வாகம், கீழே நாங்கள், நடுவில் மத்தளம். ஜி.என்.டி. ரோட்டில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெரிய பேனர் வைத்திருந்தார்கள். அடுத்த பேனருக்கும் எண் மாறக் கூடாது.

“மேடம், பாத்திரம் கழுவறவங்களும் டிரைவரும் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸுக்கு மார்க் போடறதா? வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?”

“மார்க்கு நான்தான் போடுறேன் சார். அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னு பாத்துப் போடுறேன்.”

“சேரலைன்னா அது அவங்க படிப்பு அவ்வளவுதான்னு அர்த்தம்.”

“தொழிலாளிக்கு விளங்கும்படின்னுதான் எழுதிக்கீது. படிச்ச தொழிலாளிக்குன்னு எழுதல. சார், நீங்களே ஒரு தடவ கேக்குற ஆளா வந்து நில்லுங்களேன். ஒரு பையன் சொல்லட்டும், நீங்க அணைங்க.”

“எனக்கு வேற வேலை இல்லையா?” என்று பிரின்சிபால் எழுந்துவிட்டார். பழையபடி எழுத்துத் தேர்வு வைத்து எல்லாருக்கும் மதிப்பெண் போட வேண்டும், இல்லாவிட்டால் நடக்கிறதே வேறு என்று சொல்லி அனுப்பினார். வேறு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். இங்கே வேலைக்குச் சேரும்போது எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தப் பீரோவின் சாவி லேசில் கிடைக்காது. சர்டிபிகேட் இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியிலும் உள்ளே விட மாட்டார்கள்.

“மேடம், ஒரே ஒரு தேர்வு. விட்டுக் கொடுத்துடுங்க” என்றேன்.

“ஒரே ஒரு பின்னுதான் சார் அதுவும்” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சந்தியாவின் அப்பா வந்தார். இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு, சட்டையில் கரியோடு வந்திருந்தார். 

“எம்மா, எம்பொண்ணு அஞ்சாவதுலேர்ந்து ஃபர்ஸ்ட் ரேங்கு. அதுக்குப் போய் முட்ட போட்டிருக்கியே, நாயமா? சட்டி கழுவுற அம்மாவுக்கு இன்னா தெரியும்?”

“உங்க கம்பெனில சேஃப்டி கிளாஸ் எடுக்குறாங்களாண்ணா?”

“எடுக்குறாங்க. மாசா மாசம்.”

“போன மாசம் இன்னா சொன்னாங்க?”

 “கையெழுத்துப் போடச் சொன்னாங்க” என்றார்.

“அந்த கிளாஸ எடுக்கத்தான் நாளைக்கி உங்க பொண்ணு மாதிரிப் புள்ளைங்க வரப் போவுது. சொல்றது உங்களுக்குப் புரியணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

 சந்தியா ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்பாவின் கம்பெனியைப் பற்றிப் பேசுவதே பிடிக்காது என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பாவின் சட்டையைப் பார்த்தபடி இருந்தவள் சட்டென்று, “மேம், இப்பவே திரும்ப வைங்க. அப்பாதான் கேக்குற ஆளு” என்றாள்.

எழுத்துத் தேர்வுதான் என்று உத்தரவு வந்த பிறகு அது நடந்தது. மேடம் உத்தரவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தட்டில் கந்தலைப் போட்டுக் கொளுத்தினார். பார்க்க நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

சந்தியா அப்பாவின் கையைப் பிடித்து சிலிண்டரின் தலையில் வைத்தாள். “அப்பா, இங்க ஒரு வளையம் இருக்கு பாரு. மொதல்ல அத இஸ்து வெளிய போடு. அது இருக்கிற வரைக்கும் எவ்ளோ அமுக்குனாலும் வராது. கெட்டுப்போச்சுன்னு நெனச்சிடாத. அப்புறம் நெருப்போட தலையில அடிக்காத, காலுல அடி. இப்டி இப்டி ரெண்டு பக்கமும் ஆட்டிக்கினே அடி.” தீயின் வகைகளைப் பற்றி அவள் பேசவே இல்லை. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

அவர் பின்னை உருவினார். வெள்ளைப் பொடி பொங்கிக்கொண்டு வந்தது. நெருப்பு படுத்துவிட்டது. பொடியில் முழுகி நின்றவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

“எத்தினி வருசமா என் மிஷின் பக்கத்துலயே மாட்டிக்கினு கீது. இன்னிக்கித்தான்மா தொட்டேன்.”

மேடம் முழு மதிப்பெண் போட்டார். ஆனால் பிரின்சிபால் எல்லாவற்றையும் செல்லாது என்று அறிவித்து, வேறு ஒருவரை வைத்து எழுத்துத் தேர்வு நடத்தினார். தீயின் வகைகளைப் பட்டியலிடுக. நூறு சதவீதத் தேர்ச்சி. பாடத்துக்கு உரியவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று மதிப்பெண் தாள் மேடத்திடம் வந்தது. அவர் போடவில்லை.

“நான் வெச்ச பரீட்சை இது இல்ல சார். எனக்குத் தெரியாததுக்கு எப்பிடிக் கையெழுத்துப் போடுவேன்? எங்க வூட்டுல ஒரு ஆளு போட்டது போதும்.”

“அப்ப நீங்க போகலாம். சர்டிபிகேட் பத்தி நிர்வாகம் முடிவு பண்ணும்” என்றார் பிரின்சிபால்.

“வெச்சிக்கோங்க. அதுல கீறது நான் எழுதுன பரீட்ச. எனக்குத் தெரிஞ்சது என்கூட வந்துடும்.”

ஷூச் சத்தத்தோடு வராந்தாவில் நடந்து போனார். ஆசிரியர்கள் அவரவர் மேஜையில் குனிந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தார்கள். தேசம்மா அக்கா மட்டும் ஈரக் கையோடு கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். எனக்கு வீரமெல்லாம் வராது. வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் என் ஆங்கிலத் தேர்வில் இப்போது ஒரு போன் இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து நான் பேசுவேன், மாணவர் பதில் பேச வேண்டும். பிரின்சிபாலுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எடுக்க மாட்டேன்.

பிறகு நடந்ததைச் சந்தியாவின் அப்பா கும்மிடிப்பூண்டி டீக்கடையில் வைத்து எனக்குச் சொன்னார். அவர்தான் தன் கம்பெனிக்கு மேடத்தை அழைத்துப்போயிருக்கிறார். மேனேஜர் சர்டிபிகேட் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

“அந்தம்மா வுடல சார். ‘ஒரு ஷிப்ட்டு ஆளுங்களக் கூப்புடுங்க. நான் சொல்றேன். சொன்னப்புறம் என்ன ஒண்ணும் கேக்காதீங்க, அவங்கள செஞ்சு காட்டச் சொல்லுங்க’ன்னுச்சு. எங்களக் கூப்ட்டாங்க. செஞ்சு காட்னோம்.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஒருத்தன்கூடத் தப்பா செய்யல சார்” என்றார்.

அடுத்த வருடம் அதே கம்பெனியோடு எங்கள் கல்லூரிக்கு ஒரு ஒப்பந்தம் வந்தது. மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடப் பிரின்சிபாலே கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். பூங்கொத்தைத் தூக்கிக்கொண்டு நானும், பயிற்சிக்குத் தேர்வான சில மாணவர்களும் போனோம். வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். முதல் தடவை வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வாசலிலேயே பாதுகாப்புப் பாடம் கேட்டுச் செய்து காட்டிய பிறகுதான் உள்ளே போகலாமாம். கம்பெனியில் புது வழக்கமாம்.

ஷூச் சத்தம் எனக்கு முதலிலேயே கேட்டுவிட்டது. மஞ்சள் ஹெல்மெட், புடவைக்குமேல் சாம்பல் நிறக் கோட்டு. எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “வாங்க சார்” என்றார். எல்லா விருந்தாளிக்கும் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொடுத்தார். வளையம், கால், இரண்டு பக்கமும் ஆட்டுவது. தட்டில் நெருப்பைக் கொளுத்திவிட்டு சிலிண்டரைப் பிரின்சிபால் கையில் கொடுத்தார். பிரின்சிபால் அவர் சொன்னது எதையும் கேட்டிருக்கவில்லை. அவரிடம் என்ன பேசுவது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கைப்பிடியை அமுக்கினார். வரவில்லை. மறுபடி அமுக்கினார்.

எனக்குப் பின்னால் மாணவர்கள் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேடம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டது.

“உங்க தப்பு இல்ல சார். நான் சொன்னது உங்களுக்கு வந்து சேரல. இன்னொரு தடவ சொல்றேன்” என்று முதலிலிருந்து சொன்னார். அதில் கேலி துளியும் இல்லை. 

பிரின்சிபால் சிலிண்டரை அணைத்துப் பிடித்தபடி, மேடத்துக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில், “மேடம், உங்க சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா இருக்கு. நான் மேனேஜ்மெண்ட்கிட்டப் பேசிட்டேன். நீங்க எப்ப வேணாலும் வந்து...” என்றார்.

“அது கெடக்குது சார், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் மேடம். “நெருப்பு எரிஞ்சிக்கினு கீது. மொதல்ல பின்ன இஸ்து வெளிய போடுங்க.”